பாறையிலிருந்து பூச்சு மணல்: பி-சாண்ட் தயாரிப்பை அளவோடு செய்வது எப்படி

கல்லை முதலில் உடைக்கும் ஜா கிரஷரின் அடியில் குவியும் தூசியை 2.36 மி.மீ. சல்லடையில் சலித்து, அதற்குப் பி-சாண்ட் என்று பெயர் வைத்து லாரியில் ஏற்றுவது பரவலாக நடக்கிறது. அது சலித்த தூசி, அவ்வளவுதான். அதில் சப்பைத் துகள்களும் கல்மாவும் மிகுந்திருக்கும், பூச்சுக்கு உயிரான நடுத்தர நுண்மணல் குறைந்திருக்கும். சுவரில் அடித்த மூன்றாம் நாளே வலைவலையாக விரிசல் விடுவது இதனால்தான். பூச்சு மணலுக்கு மூன்று விஷயங்கள் ஒருசேர அமைய வேண்டும்: துகளின் வடிவம், 150 முதல் 600 மைக்ரான் வரையிலான பங்கு (1,000 மைக்ரான் ஒரு மி.மீ.), 75 மைக்ரானுக்குக் கீழான பொடியின் அளவு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றைச் சரிசெய்வதற்கே.

முதலில் இலக்கு

இயந்திரத்தைத் தொடுமுன் எந்த மணல் வேண்டும் என்பதை எண்ணில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு மணலுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1542. அதன்படி ஒவ்வொரு சல்லடையிலும் இறங்க வேண்டிய எடை விழுக்காடு:

4.75 மி.மீ.: 95 முதல் 100
2.36 மி.மீ.: 95 முதல் 100
1.18 மி.மீ.: 90 முதல் 100
600 மைக்ரான்: 80 முதல் 100
300 மைக்ரான்: 20 முதல் 65
150 மைக்ரான்: 0 முதல் 15

மணலின் பருமனை ஒரே எண்ணில் சொல்லும் நுண்மை எண் 1.5-க்குக் குறையக் கூடாது. கான்கிரீட்டுக்கான நொறுக்கு மணலான எம்-சாண்டின் நுண்மை எண் பெரும்பாலும் 2.4-க்கு மேல் இருக்கும் என்பதை ஒப்பிட்டால் இது எவ்வளவு நுண்ணிய மணல் என்பது புரியும்.

இந்தப் பட்டியலில் பலர் கவனிக்கத் தவறும் வரி 600 மைக்ரான். நொறுக்கிய பாறையை 2.36 சல்லடையில் சலித்தால் 2.36 வரி எளிதில் தேறிவிடும். ஆனால் 1.18-இல் மூன்றில் இரண்டு பங்கும், 600-இல் ஏறக்குறைய பாதியும்தான் இறங்கும். தேவையோ 90-உம் 80-உம். ஆகவே 2.36 வலை ஒன்றை மட்டும் நம்பிப் பூச்சு மணல் எடுக்க முடியாது. நுண்மணலையும் பருமணலையும் பிரிக்கும் எல்லை, அதாவது வெட்டும் அளவு, 1.2 மி.மீ. பக்கமாக வர வேண்டும், நொறுக்கலும் அதற்கேற்ப நுண்மையாக வேண்டும்.

ஒரு மாதிரியை வைத்து நுண்மை எண் கணக்கிடும் முறை இது. உலர்ந்த 500 கிராம் மணலில் 2.36-இல் தங்கியது 5 கிராம், 1.18-இல் 30, 600-இல் 60, 300-இல் 190, 150-இல் 145, அடித்தட்டில் 70. மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து விழுக்காடாக்கினால் தங்கியது 1, 7, 19, 57, 86. இவற்றின் கூட்டுத்தொகை 170. நூறால் வகுத்தால் 1.70. இறங்கியது 99, 93, 81, 43, 14. எல்லா வரியும் தேறுகிறது. இப்படி ஒரு மணல் கையில் வந்தால் அதைத் தயாரித்த நாளின் இயந்திர அமைப்பு முழுவதையும் குறித்து வையுங்கள். பிற்பாடு திரும்பிப் போக அதுதான் வழி.

பாறை

கிரானைட், சார்னோகைட், நைஸ், பாசால்ட், டோலரைட் எல்லாமே தகும், புதுப்பாறையாக இருந்தால். உக்கிப்போன மேலடுக்குப் பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறத் தொடங்கியிருக்கும். அதை நொறுக்கினால் பொடியோடு களியும் சேர்ந்து வரும். காக்காப்பொன் பளபளக்கும் பாறையையும் ஒதுக்குங்கள். அதன் தகடுகள் சிமெண்டோடு ஒட்டாது, கலவை கூடுதல் தண்ணீரும் கேட்கும். மஞ்சள் உலோகப் புள்ளிகளாகத் தெரியும் பைரைட் இருந்தால் சில மாதங்களில் வெள்ளைச் சுவரில் துருக்கறை இறங்கும். கான்கிரீட்டுக்குள் புதைந்து போகிற குறைகள் பூச்சில் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். பூச்சு மணலுக்குக் கல் தேர்வில் கூடுதல் கறார் வேண்டுவது அதனால்தான்.

மண்ணைப் பிரிக்க ஒரே நல்ல இடம் ஜா கிரஷருக்கு முன்புதான். வெடித்த கல்லோடு வரும் மேல்மண்ணும் சுக்கானும் சிறு துண்டுகளில்தான் இருக்கும். ஃபீடரில் கம்பிச் சட்டம் வைத்து, அதன்கீழ் 20 முதல் 40 மி.மீ. வலை போட்டு, இறங்குவது முழுவதையும் தனியாகத் தள்ளிவிடுங்கள். அதில் கொஞ்சம் நல்ல கல்லும் போகும், போகட்டும். மண் ஒருமுறை நொறுங்கிய கல்லோடு கலந்துவிட்டால் உலர்முறையில் அதை எடுக்கவே முடியாது.

ஜாவும் கோனும்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜா கிரஷர் கல்லைக் கையாளும் அளவுக்கு உடைக்கிறது, கோன் கிரஷர் அதை 25 மி.மீ.-க்குள் கொண்டுவருகிறது. கோன் எப்போதும் வாய் நிறையக் கல்லோடு ஓட வேண்டும். அரைகுறையாக ஓடினால் கல்லோடு கல் உரசுவது குறைந்து சப்பைத் துண்டுகள் பெருகும். கோனுக்குப் பின் ஒரு சல்லடை வைத்து, 4.75 மி.மீ.-க்குக் கீழ் இறங்குவதைப் பிரித்துவிடுங்கள். இரண்டு காரணங்கள்: அழுத்தி உடைத்த அந்தத் தூசி சப்பையானது, அதோடு அடுத்த இயந்திரத்துக்குள் போனால் மெத்தை போல இருந்து மோதலின் வேகத்தைக் குறைத்துவிடும்.

மணல் பிறக்கும் இடம்: விஎஸ்ஐ

விஎஸ்ஐ என்பது செங்குத்துத் தண்டு மோதல் கிரஷர். அதன் தண்டில் சுழலும் ரோட்டர் கல்லைச் சுற்றிலும் வீசி எறிகிறது. எறிபட்ட கல், சுவரில் படிந்திருக்கும் கல்லின்மீதே மோதினால் அது கல்-மேல்-கல் முறை. இரும்புத் தட்டுகளில் மோதினால் கல்-மேல்-இரும்பு முறை. இரும்பு முறையில் ஒரே சுற்றில் அதிக நுண்மணல் வரும். ஆனால் குவார்ட்ஸ் நிறைந்த கிரானைட்டில் தட்டுகள் வேகமாகத் தேய்ந்து போகும். கடினப் பாறைக்குக் கல்-மேல்-கல் முறைதான் தாக்குப்பிடிக்கும், துகளின் முனைகளும் அதில் நன்றாக மழுங்கும்.

நுண்மையைத் தீர்மானிப்பது ரோட்டர் விளிம்பின் வேகம். விட்டத்தை மீட்டரிலும் சுழற்சியை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் எடுத்து, 3.14-ஆல் பெருக்கி, 60-ஆல் வகுங்கள். 0.85 மீட்டர் விட்டமும் 1,500 சுற்றும் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 67 மீட்டர். ஜல்லிக்கு வடிவம் கொடுக்க 45 முதல் 55 போதும். பூச்சு மணலுக்கு 60-க்கு மேல், இயந்திரம் தாங்கினால் 70 வரை வேண்டும். வேகம் கூடக்கூட மின்செலவும் முனைத் தேய்மானமும் கூடும், 75 மைக்ரானுக்குக் கீழான பொடியும் கூடும். ஆகவே வேகத்தை ஒரே தாவலில் ஏற்றாமல், சிறுசிறு படியாக ஏற்றி ஒவ்வொரு முறையும் சல்லடைச் சோதனை செய்யுங்கள். 600 மைக்ரானில் இறங்குவது ஏறாமல் பொடி மட்டும் ஏறத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுங்கள்.

உள்ளே போகும் கல் 5 முதல் 25 மி.மீ. வரை, ஒரே சீராக, ஃபீட் குழாயின் நட்டநடுவில் விழ வேண்டும். ஓரமாக விழுந்தால் ரோட்டரின் ஒருபக்க முனைகள் முதலில் தேயும், பிறகு அதிர்வு வரும். சில இயந்திரங்களில் ரோட்டருக்கு வெளியே சுற்றிலும் கல்லைக் கொட்டும் வசதி உண்டு. ஜல்லிக்கு அது லாபம். பூச்சு மணல் எடுக்கும்போது அதை மூடி வையுங்கள், ஏனென்றால் அந்தக் கல் முழு வேகம் பெறாமலே வெளியேறுகிறது.

ரோட்டர் முனைகளைத் தினமும் பாருங்கள். கடின உலோகச் செருகல் விரிசல் விட்டிருந்தாலோ, அதன் பின்னே இருக்கும் இரும்பு தெரியத் தொடங்கினாலோ உடனே மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியாக, எதிரெதிர் முனைகளை எடைபோட்டுச் சமமாக்கி மாற்றுங்கள். தேய்ந்த முனையோடு ஓட்டினால் மணல் மெல்ல மெல்லப் பருமனாகும். ஒரு வாரத்துக்குள் நுண்மை எண் 1.7-இலிருந்து 2.0-க்கு நகர்ந்தால் சல்லடையைக் குறை சொல்லுமுன் முனையைப் பாருங்கள். மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் ரோட்டர் பல நிமிடம் சுற்றும் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

சலிப்பு

உலர்முறையில் 1.2 மி.மீ. வலையில் சலிப்பதே இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. ஈரம் 1 விழுக்காட்டைத் தாண்டினாலே நுண்துகள்கள் கம்பியில் ஒட்டும், 2 விழுக்காட்டில் வலை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் திறந்த வெளியில் கிடந்த கல்லை விஎஸ்ஐ-க்கு அனுப்பிவிட்டுச் சல்லடையோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இடைக் குவியலுக்குக் கூரையும், கன்வேயருக்கு மூடியும் போடுவதே மலிவான தீர்வு. வலைக்கு அடியில் ரப்பர் பந்துத் தட்டு வைத்தால் அடைப்பு குறையும்.

வலையின் முடிவில் மணல் படுகையின் தடிமன் துளை அளவின் நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 1.2 மி.மீ. துளைக்கு அது 5 மி.மீ. மட்டுமே. அதற்கு மேல் படுகை தடித்தால் மேலே மிதக்கும் நுண்மணல் துளையைப் பார்க்காமலே கடந்துபோகும். இதனால்தான் ஜல்லிக்குப் போட்ட சல்லடையின் கீழ்த்தட்டில் வலையை மட்டும் மாற்றிப் பூச்சு மணல் எடுக்க முயல்பவர்களுக்குப் பாதி மணல் திரும்பிப் போய்விடுகிறது. அதிக அதிர்வெண் கொண்ட தனிச் சல்லடை, நிறையப் பரப்பு, மெல்லிய படுகை ஆகிய மூன்றும் வேண்டும். சரிவான தட்டில் துளையின் உண்மையான திறப்பு குறையும் என்பதால் 1.2-இல் வெட்ட 1.5 மி.மீ. வலை தேவைப்படலாம். நீள்துளை வலை வேகமாக இறக்கும், ஆனால் சப்பைத் துகளையும் விட்டுவிடும்.

கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. விஎஸ்ஐ வழியே மணிக்கு 150 டன் போகிறது, வெளியே வருவதில் 1.2 மி.மீ.-க்குக் கீழ் 18 விழுக்காடு என்று வையுங்கள்: 27 டன். சல்லடை அதில் 80 விழுக்காட்டைப் பிடித்தால் 21.6 டன். அதில் 75 மைக்ரானுக்குக் கீழான பொடி 20 விழுக்காடு, அதாவது 4.3 டன். மீதி 17.3 டன் மணல். 6 விழுக்காடு பொடியோடு விற்றால் கையில் நிற்பது 18.4 டன். 150 டன் சுழற்றி 18 டன். இதை ஏற்காமல் போடும் திட்டம், கடைசியில் தூசியைச் சலித்து விற்பதில்தான் போய் முடியும்.

1.2 முதல் 4.75 மி.மீ. வரையிலான மீதியை என்ன செய்வது? திரும்ப விஎஸ்ஐ-க்கு அனுப்பலாம், எம்-சாண்டில் சேர்க்கலாம். ஆனால் ஒரே ஆலையில் இரண்டு மணலும் எடுப்பவர்கள் எம்-சாண்டைச் சுரண்டிப் பூச்சு மணல் எடுத்தால், எம்-சாண்டில் நுண்பங்கு அற்றுப்போய்க் கான்கிரீட் சொரசொரப்பாகித் தண்ணீர் கக்கும். தர நிர்ணயத்தின் இரண்டாம் மண்டலம் என்ற பருமன் வகையில் வரும் எம்-சாண்டுக்கு 600 மைக்ரானில் 35 முதல் 59 விழுக்காடு இறங்க வேண்டும். ஆகவே ஓட்டத்தில் ஒரு தடுப்புக் கதவு வைத்து, ஒரு பகுதியை மட்டும் நுண்சல்லடைக்குத் திருப்புங்கள். எம்-சாண்டையும் அதே நாளில் சோதியுங்கள்.

பொடியை நீக்குதல்

நொறுக்கிய மணலில் 75 மைக்ரானுக்குக் கீழ் 15 விழுக்காடு வரை கான்கிரீட் மணலுக்கான தர நிர்ணயமான ஐஎஸ் 383 இடம் தருகிறது. பூச்சுக்கு அது அதிகம். 5 முதல் 8 விழுக்காடு வரை வைத்தால் கலவை கரண்டியில் வழுக்கும், தண்ணீரும் அதிகம் கேட்காது. முழுவதும் கழுவி எடுத்துவிடுவதும் தவறுதான். பொடியே இல்லாத மணல் மட்டப்பலகையில் இழுபடும், தண்ணீரைப் பிரித்துவிடும், கூரையடிப் பூச்சில் கையோடு உதிரும்.

காற்றால் பிரிக்கும் முறையில் மணலைத் திரைபோல விழவிட்டு, குறுக்கே காற்று இழுத்து, பொடியைச் சைக்ளோனுக்கும் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கூம்பு) பைவடிகட்டிக்கும் கொண்டுபோகிறார்கள். தண்ணீர் வேண்டாம், சேற்றுக் குட்டை வேண்டாம். மணல் உலர்ந்திருப்பது மட்டும் கட்டாயம். காற்றின் அளவைச் சரிபார்க்க எளிய வழி: பிடிபட்ட பொடியில் 100 கிராம் எடுத்து 150 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். 10 கிராமுக்கு மேல் தங்கினால் நல்ல மணலை இழக்கிறீர்கள், காற்றைக் குறையுங்கள்.

பாறையில் களி இருந்தால் காற்று போதாது, கழுவத்தான் வேண்டும். இதில் திருகுக் கழுவி மலிவானது, ஆனால் பூச்சு மணலுக்குப் பொருந்தாதது. தண்ணீர் சற்றுக் கூடினாலும் அதன் வழிந்தோடும் விளிம்பில் 150 முதல் 300 மைக்ரான் வரையிலான மணல் கரைந்து போய்விடும், நமக்கு வேண்டியதோ அதுவேதான். நீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனும் நீர்வடிச் சல்லடையும் சேர்ந்த அமைப்பு 75 மைக்ரான் பக்கமாகத் துல்லியமாக வெட்டும். சைக்ளோனின் அடிவாயைக் கண்ணால் கண்காணியுங்கள். மணல் குடைபோல விரிந்து கொட்டினால் சரி. முறுக்கிய கயிறுபோல ஒற்றைத் தாரையாக இறங்கினால் அடிவாய்க்குச் சுமை மிஞ்சிவிட்டது, மணல் மேல்வாய் வழியே சேற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. அடிவாயைப் பெரிதாக்குங்கள், அல்லது உள்ளே வரும் மணலைக் குறையுங்கள்.

கழுவிய நீரைத் திக்கனர் என்ற படிவுத் தொட்டியில், சேற்றைத் திரளவைக்கும் ஃப்ளோக்குலன்ட் சேர்த்துத் தெளியவைத்து மறுபடி பயன்படுத்தலாம். உப்புநீரைச் சுழற்சியில் விடாதீர்கள். மணலில் தங்கும் உப்பு சுவரில் வெள்ளை பூக்கும், கம்பி அருகே துருவேற்றும்.

சோதனை

கண்ணாடிக் குடுவையில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, மேலே படியும் அடுக்கை அளந்து மண் என்று சொல்லும் பழக்கம் ஆற்று மணலுக்கு உரியது. நொறுக்கிய மணலில் அந்த அடுக்கு பெரும்பாலும் சுத்தமான கல்மாவு. கல்லா களியா என்பதைக் குடுவை சொல்லாது. முதலில் 75 மைக்ரான் சல்லடையில் நீர்விட்டு அலசி, உலர்த்தி, எடைக்குறைவைக் கணக்கிடுங்கள். பிறகு, சாயத்தை உறிஞ்சும் களியின் அளவைக் காட்டும் மெத்திலின் நீலச் சோதனை.

2 மி.மீ.-க்குக் கீழான 200 கிராம் மணலை 500 மி.லி. வடிநீரில் போட்டு நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐந்து நிமிடம் கலக்குங்கள். வேகத்தை 400-க்குக் குறைத்து, லிட்டருக்கு 10 கிராம் வலுவுள்ள மெத்திலின் நீலக் கரைசலை 5 மி.லி. 5 மி.லி.யாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாவது கலக்கிய பின் ஒரு சொட்டை வடிதாளில் வையுங்கள். கருநீலப் பொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையம் தோன்றி, ஐந்து நிமிடம் மறையாமல் நின்றால் முடிவு. செலவான மி.லி.யை 200-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு எத்தனை கிராம் என்று வரும். 20 மி.லி. என்றால் 1.0. இது 1.4-ஐத் தாண்டினால் களியைத் தேடி ஜாவுக்கு முந்தைய வலைக்குப் போங்கள்.

சல்லடைச் சோதனையை ஒவ்வொரு ஷிப்டிலும் இருமுறையாவது செய்யுங்கள், ஓடும் பெல்ட்டின் முழு அகலத்திலிருந்தும் மாதிரி எடுத்து. குவியலின் அடிவாரத்தில் அள்ளிய மாதிரி எப்போதும் பருமனாகவே காட்டும்.

குவித்தலும் ஏற்றுதலும்

உயரத்திலிருந்து கொட்டினால் நுண்மணல் உச்சியிலும் பருமணல் அடியிலும் பிரியும், காற்றில் பொடியும் போகும். பெல்ட்டின் முனை குவியலின் தலைக்கு அருகிலேயே இருக்கட்டும். உலர்முறை மணலில் 2 முதல் 3 விழுக்காடு ஈரம் தெளித்தால் பிரிவதும் பறப்பதும் அடங்கும். கழுவிய மணல் ஒருநாளாவது சிமெண்டுத் தளத்தில் வடிய வேண்டும். தளம் இல்லாவிட்டால் அடியில் ஒரு சாண் அடுக்கை அள்ளாமல் விட்டுவிடுங்கள்.

ஈரமான நுண்மணல் பருமணலைவிட அதிகமாக உப்பும். 5 விழுக்காடு ஈரத்தில் கன அளவு கால்பங்குக்கு மேலேயே கூடலாம். கன அடியில் வாங்குபவரிடம் ஈர அளவைச் சொல்லிவிடுங்கள். சட்டியில் அளந்து கலக்கும் கொத்தனாருக்கும் இது தெரியாவிட்டால், 1:6 என்று கலப்பது உண்மையில் 1:5-க்கு நெருக்கமாகிவிடும், கூடுதல் சிமெண்டால் விரிசலும் வரும்.

தூசி

கிரானைட் தூசியில் படிக சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள துகள்தான் நுரையீரலின் ஆழம்வரை போய் சிலிக்கோசிஸ் உண்டாக்குகிறது, வந்த பிறகு அது குணமாவதில்லை. விஎஸ்ஐ, சல்லடை, பெல்ட் கொட்டும் இடங்கள் மூன்றையும் மூடித் தூசி உறிஞ்சியோடு இணைக்க வேண்டும். பைவடிகட்டி மாற்றுபவர் முகத்தோடு பொருந்தும் துகள்வடிகட்டி முகமூடி அணிய வேண்டும், துணி கட்டிக்கொள்வது போதாது.

சுவரில் பார்த்தல்

புது அமைப்பில் வந்த முதல் மணலை விற்குமுன் ஒரு செங்கல் சுவரை நனைத்து, ஒரு சதுர மீட்டருக்கு 1:6 கலவையில் 12 மி.மீ. கனத்தில் பூசுங்கள். தேவைப்பட்ட தண்ணீரை எழுதி வையுங்கள். ஏழு நாள் நீராற்றி, பிறகு காயவிட்டுப் பாருங்கள்.

மெல்லிய வலை விரிசல் என்றால் பொடி அதிகம், அல்லது களி. நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது என்றால் பொடி தண்ணீரைக் குடித்து சிமெண்டை வலுவிழக்கச் செய்திருக்கிறது. பூசும்போதே கரண்டி இழுபட்டு மேற்பரப்பு கிழிந்தால் 300 மைக்ரான் பங்கு குறைவு, அல்லது துகள் சப்பை: சல்லடைக் கணக்கு சரியாக இருந்தும் இழுபட்டால் அது வடிவக் குறைதான், விஎஸ்ஐ-யைத் தொடாமல் வந்த தூசி எங்கோ கலக்கிறது. சுத்தியல் பிடியால் தட்டும்போது பொதபொதவென்று ஒலித்தால் மணலை மட்டும் குறை சொல்லாதீர்கள். சுவர் சரியாக நனையாமலும் அது நேரும். அதே சுவரை நன்றாக நனைத்து இன்னொருமுறை பூசிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.